கேட் கன்னிங்காம் பெஞ்சில் உட்காரும் அந்த 13 நிமிடம்... டெட்ராய்ட் பிஸ்டன்ஸுக்கு 'பேக்கப்' யார்?

2023 கடைசியில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் என்ற பெயரைச் சொன்னாலே கூடைப்பந்து ரசிகர்கள் சிரித்தார்கள். தொடர்ந்து 28 தோல்வி! என்.பி.ஏ. வரலாற்றில் ஒரே சீசனுக்குள் எந்த அணியும் இத்தனை ஆட்டங்களை வரிசையாகத் தோற்றதில்லை. சீசன் முடிந்தபோது கணக்கு 14 வெற்றி, 68 தோல்வி.

இரண்டே வருடம். அதே அணி 2025 கடைசியில் கிழக்குப் பிரிவில் முதலிடத்தில் இருந்தது. 2025 நவம்பரில் வரிசையாக 13-வது ஆட்டத்தை ஜெயித்து, கிளப்பின் பழைய சாதனையைச் சமன் செய்தது. நம்ம ஊரில் காலை ஐந்தரை மணிக்கு ஃபோனைத் திறந்து ஸ்கோர் பார்க்கிறவர்கள் கொஞ்சம் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் பார்த்திருப்பார்கள்.

இவ்வளவு நன்றாகப் போகிற அணிக்கு என்ன பிரச்னை இருக்க முடியும்? இருக்கிறது. அணியின் மூளை என்று சொல்லப்படும் கேட் கன்னிங்காம் களத்தை விட்டு வெளியே வந்து தண்ணீர் குடிக்கும் நேரத்தில் பந்தை யார் கையில் கொடுப்பது? கேட்க சின்ன கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் டெட்ராய்ட் நிர்வாகம் 2026 பிப்ரவரி 5-ம் தேதிக்குள் இதற்கு ஏதாவது ஒரு பதிலை முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பதிலில் ஒரு இளைஞரின் வேலையும், இன்னொரு இளைஞரின் எதிர்காலமும் மாட்டிக்கொண்டிருந்தன.

பாயின்ட் கார்டு என்றால் யார்?

கூடைப்பந்து அதிகம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எதிரணி புள்ளி எடுத்ததும் பந்து நம் கைக்கு வரும். அதை 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். இந்த 24 விநாடிக்குள் யார் எங்கே நிற்பது, யார் யாருக்கு வழி மறித்துக் கொடுப்பது, பந்து கடைசியில் யார் கைக்குப் போவது என்று எல்லாவற்றையும் ஓடிக்கொண்டே முடிவு செய்பவர்தான் பாயின்ட் கார்டு.

கல்யாண வீட்டில் பந்தியை மேற்பார்வை பார்க்கும் பெரியப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வாளியைத் தூக்க மாட்டார். ஆனால் எந்த இலையில் சாம்பார் இல்லை, யாருக்கு இன்னொரு தடவை பாயசம் வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். அவர் பத்து நிமிடம் வெளியே போய்விட்டால் பந்தியில் என்ன நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கேட் கன்னிங்காம் விஷயத்தில் ஒரு வித்தியாசம். இந்தப் பெரியப்பா வாளியையும் தானே தூக்குகிறார். 2021 டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவர். 2024-25 சீசனில் ஆட்டத்துக்கு சராசரியாக 26.1 புள்ளி, 9.1 அசிஸ்ட், 6.1 ரீபவுண்ட். முதல் முறையாக ஆல் ஸ்டார், சீசன் முடிவில் ஆல்-என்.பி.ஏ. மூன்றாம் அணியிலும் இடம். இதெல்லாம் பெருமை. இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஆட்டத்துக்கு 4.4 முறை பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தார். எல்லா வேலையையும் ஒருத்தர் தலையில் கட்டினால் இதுதான் நடக்கும்.

2025 நவம்பர் 10-ம் தேதி வாஷிங்டன் விசார்ட்ஸுக்கு எதிரான ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். கேட் 46 புள்ளி எடுத்தார். செம ஆட்டம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் 45 முறை கூடையை நோக்கி எறிந்தார், அதில் 31 உள்ளே போகவில்லை. கூடுதல் நேரத்தில் தட்டுத்தடுமாறி 137-135 என்று டெட்ராய்ட் ஜெயித்தது. எதிரில் இருந்தது லீக்கின் பலவீனமான அணிகளில் ஒன்று என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

13 நிமிடம்தானே, அதற்கு ஏன் இவ்வளவு அலட்டல்?

ஒரு என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். கேட் 2024-25-ல் சராசரியாக 35 நிமிடம் ஆடினார். மீதி 13 நிமிடம். மொத்தம் 82 ஆட்டம் என்பதால், கேட் ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் இருந்தாலும் 1,066 நிமிடம் வேறு யாராவது பந்தை நடத்த வேண்டும். கிட்டத்தட்ட 22 முழு ஆட்டங்களுக்குச் சமம்.

ஆனால் அவர் 82 ஆட்டமும் ஆடவில்லை, 70 தான் ஆடினார். ஆடாத 12 ஆட்டங்களின் 48 நிமிடத்தையும் சேர்த்தால் கணக்கு 1,486 நிமிடம். அதாவது 31 ஆட்டம்! சீசனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 'மாற்று ஆட்டக்காரர்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் ஆள் சுமக்க வேண்டிய பாரம் இவ்வளவு. 2022-23 சீசனில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு கேட் வெறும் 12 ஆட்டத்தோடு நிறுத்திக்கொண்டார் என்பதை டெட்ராய்ட்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

இளம் அணிகளுக்கு இதில் இன்னொரு தலைவலி. அனுபவசாலிகள் நிறைந்த அணியில் பாயின்ட் கார்டு கொஞ்சம் சொதப்பினாலும் மற்றவர்கள் தங்கள் இடத்தைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். இங்கே ஆசார் தாம்சன், ஜேலன் டூரன், ரான் ஹாலண்ட் மூன்று பேரும் 2022-லும் அதற்குப் பிறகும் லீக்குக்கு வந்தவர்கள். டூரன் கூடைக்கு மேலே எகிறிப் பிடித்து உள்ளே அடிப்பார், ஆனால் பந்து சரியான உயரத்தில், சரியான நொடியில் அங்கே வர வேண்டும். தாம்சன் குதிரை மாதிரி ஓடுவார், தடுப்பாட்டத்தில் பேய். தூரத்தில் இருந்து எறிவது அவர் பலம் கிடையாது. அதனால் எதிரணி அவரைத் தூரத்தில் விட்டுவிட்டு வந்து கூடைக்குக் கீழே கூட்டம் போட்டு நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் வழி கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருத்தர் இல்லையென்றால் இவர்களின் திறமை பாதியாகக் குறைந்துவிடும். ஆக, பேக்கப் பாயின்ட் கார்டு மோசமாக இருந்தால் அவருடைய எண்கள் மட்டும் கெடுவதில்லை, கூட ஆடும் பையன்களின் வளர்ச்சியும் தேங்கிப்போகும்.

ஷ்ரூடர் வந்தார், வென்றார், போனார்

இந்தக் கேள்வி டெட்ராய்ட்டுக்குப் புதிதல்ல. முந்தைய சீசனிலும் இதே மாதிரி ஒரு கட்டம் வந்தது.

2025 ஜனவரி 1. ஆர்லாண்டோ மேஜிக்குடன் ஆட்டம். கீழே உருண்ட பந்துக்காகப் பாய்ந்த எதிரணி வீரர் ஜேடன் ஐவியின் இடது காலில் வந்து விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. அதுவரை 30 ஆட்டங்களில் சராசரி 17.6 புள்ளி, 3 புள்ளி எறிதலில் 40.9 சதவீதம் என்று தன் வாழ்க்கையின் சிறந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தவர் ஐவி. கேட்டுக்கு அடுத்து பந்தைக் கையாளத் தெரிந்த ஆள் ஒரே நொடியில் இல்லாமல் போனார்.

அப்போது அணியின் தலைவராக வந்து ஒரு வருடம்கூட ஆகாத டிராஜன் லாங்டன் செய்த வேலை புத்திசாலித்தனமானது. சம்பள உச்சவரம்புக்குக் கீழே இடம் மிச்சம் வைத்திருந்தது அந்த நேரத்தில் டெட்ராய்ட்தான். ஜிம்மி பட்லரை கோல்டன் ஸ்டேட்டுக்கு அனுப்பிய ஐந்து அணி டிரேடில் நடுவில் புகுந்து, டெனிஸ் ஷ்ரூடரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய சம்பளம் சுமார் 1.3 கோடி டாலர், அந்த சீசனோடு ஒப்பந்தமும் முடிகிறது. இளம் வீரர் ஒருவரைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

யார் இந்த ஷ்ரூடர்? 2023-ல் ஜெர்மனி உலகக் கோப்பையை ஜெயித்தபோது தொடரின் சிறந்த வீரர். 2025 செப்டம்பரில் ஜெர்மனி ஐரோப்பியக் கோப்பையை வென்றபோதும் அவரேதான். நாட்டுக்கு ஆடும்போது ராஜா, என்.பி.ஏ.வில் பெட்டியும் கையுமாக ஊர் ஊராகச் சுற்றுபவர். சில ஆட்டக்காரர்களுக்கு அப்படி ஒரு ஜாதகம்.

அவர் வந்ததன் பலன் பிளேஆஃபில் தெரிந்தது. நியூயார்க் நிக்ஸுடன் முதல் ஆட்டத்தில் டெட்ராய்ட் கடைசிக் கால்பகுதியில் 98-90 என்று முன்னிலையில் இருந்தது. அங்கிருந்து நிக்ஸ் தொடர்ச்சியாக 21 புள்ளி எடுத்தது. டெட்ராய்ட் பூஜ்யம்! மேடிசன் ஸ்கொயர் கார்டனின் சத்தத்தில் பையன்கள் திசை தெரியாமல் நின்றார்கள். அனுபவமில்லாத அணி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்த சில நிமிடங்களைப் போட்டுக் காட்டலாம்.

இரண்டாவது ஆட்டத்திலும் நிக்ஸ் துரத்தி வந்து 94-க்குச் சமன் செய்தது. மறுபடியும் அதே கதைதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். இன்னும் ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் ஷ்ரூடர் ஒரு 3 புள்ளி எறிந்தார். உள்ளே போனது. 100-94 என்று டெட்ராய்ட் ஜெயித்தது. பெஞ்சில் இருந்து வந்தவர் எடுத்தது 20 புள்ளி. பிளேஆஃபில் தொடர்ந்து 15 ஆட்டம் தோற்றிருந்த அணிக்கு 2008-க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி அது. தொடரை 4-2 என்று இழந்தார்கள். ஆறாவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஜேலன் பிரன்சன் எறிந்த பந்து கதையை முடித்தது. ஆனாலும் 14 வெற்றியில் இருந்து 44 வெற்றிக்கு ஏறிய அணி அது, யாரும் குறை சொல்லவில்லை.

கோடையில் சேக்ரமென்டோ கிங்ஸ் ஷ்ரூடருக்கு மூன்று வருடத்துக்கு சுமார் 4.5 கோடி டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டது. டெட்ராய்ட் தடுக்கவில்லை. ஐவி திரும்பி வருவார், மார்கஸ் சாசர் இருக்கிறார், புதிதாகக் கரிஸ் லெவர்ட்டை இரண்டு வருடத்துக்கு சுமார் 2.9 கோடி டாலருக்கு எடுத்தாயிற்று என்று கணக்குப் போட்டார்கள். காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது.

காகிதம் கிழிந்த கதை

அக்டோபரில் சீசன் தொடங்கும் முன்பே ஐவிக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை. சாசருக்கு இடுப்பில் காயம். மூன்று பேர் இருக்கிறார்கள் என்று நினைத்த இடத்தில் லெவர்ட் மட்டும். அவர் நல்ல ஆட்டக்காரர், அப்போது 31 வயது, உயரமானவர், பந்தை வைத்துக்கொண்டு தனக்கான வாய்ப்பைத் தானே உருவாக்கிக்கொள்வார். ஆனால் அடிப்படையில் அவர் புள்ளி எடுக்கும் ஓரத்து ஆட்டக்காரர். மற்றவர்களுக்குப் பந்தி விசாரிப்பது அவர் வழக்கம் கிடையாது.

இந்த இடைவெளிக்குள்தான் யாரும் எதிர்பார்க்காத ஒரு பெயர் நுழைந்தது. டேனிஸ் ஜென்கின்ஸ்.

அப்போது 24 வயது. கல்லூரியில் அயோனா, பிறகு செயின்ட் ஜான்ஸ், இரண்டு இடத்திலும் ரிக் பிட்டினோ என்ற கண்டிப்பான கோச்சிடம் ஆடியவர். 2024 டிராஃப்டில் எந்த அணியும் இவரை எடுக்கவில்லை. டெட்ராய்ட் இவருக்குக் கொடுத்தது 'டூ-வே' ஒப்பந்தம். 2024-25 சீசனில் பெரிய அணிக்கு இவர் ஆடிய ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற நேரமெல்லாம் அதே ஊரில் உள்ள இரண்டாம் நிலை அணியான மோட்டார் சிட்டி குரூஸில். கன்னிங்காம் ஆடும் பளபளப்பான அரங்கில் இருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், ஒரு பல்கலைக்கழக மைதானத்தில்!

முன்பு சொன்ன வாஷிங்டன் ஆட்டத்துக்கு வாருங்கள். 48 நிமிடம் முடியப்போகிறது, டெட்ராய்ட் 3 புள்ளி பின்தங்கி நிற்கிறது. ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோன அந்தக் கடைசி 3 புள்ளியை எறிந்தது கேட் இல்லை, ஜென்கின்ஸ். மொத்தம் 24 புள்ளி. அடுத்த சில நாட்கள் இடுப்புக் காயத்தால் கேட் ஆடவில்லை. அணி தொடர்ந்து ஜெயித்தது. பிலடெல்பியாவுக்கு எதிராக ஜென்கின்ஸ் 26 புள்ளி எடுத்தார். 13 ஆட்டத் தொடர் வெற்றியின் நடுப்பகுதியை நகர்த்தியதில் இந்தப் பையனுக்குப் பெரிய பங்கு உண்டு.

'டூ-வே' என்ற பொறி

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரு என்.பி.ஏ. அணி வழக்கமான ஒப்பந்தத்தில் 15 பேரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் மூன்று பேரை டூ-வே ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். இவர்கள் பெரிய அணிக்கும் இரண்டாம் நிலை அணிக்கும் மாறி மாறி ஆடுவார்கள். சம்பளம், புதுமுக வீரரின் குறைந்தபட்ச சம்பளத்தில் சரிபாதி. 2025-26 சீசனுக்கு சுமார் 6.36 லட்சம் டாலர். நமக்கு அது பெரிய தொகைதான். ஆனால் கேட்டின் ஐந்து வருட ஒப்பந்தம் 22.4 கோடி டாலரில் தொடங்குகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சம்பளத்தைவிட முக்கியமானவை இரண்டு விதிகள். டூ-வே வீரரை ஒரு சீசனில் 50 ஆட்டங்களுக்குத்தான் பட்டியலில் சேர்க்க முடியும். களத்தில் இறங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் அது கணக்கில் ஏறும். இரண்டாவது, பிளேஆஃபில் அவர் ஆடவே முடியாது. இரண்டில் இருந்தும் தப்ப ஒரே வழி, சீசன் முடியும் முன் அவரை வழக்கமான ஒப்பந்தத்துக்கு மாற்றுவது. அதற்கு 15 பேர் பட்டியலில் இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் யாரையாவது அனுப்ப வேண்டும்.

ஒருவரை எல்லா ஆட்டத்துக்கும் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால் அந்த 50 எப்போது முடியும் தெரியுமா? ஏறக்குறைய பிப்ரவரி முதல் வாரத்தில். 2025-26 சீசனில் டிரேடு கெடு முடிந்ததும் பிப்ரவரி 5. இரண்டும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டின. நிர்வாகங்கள் 50-ஐ இழுத்து இழுத்துச் செலவழிக்கும். 'இன்றைக்கு நீ குரூஸுக்கு ஆடு, நாளைக்கு இங்கே வா' என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். சட்டப்படி சரிதான். ஆனால் கிழக்குப் பிரிவின் முதலிட அணிக்கு ஒவ்வொரு இரவும் பந்தை நடத்தும் ஆளிடம் அதைச் செய்வது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

ஐவிக்கு என்ன வழி?

ஜென்கின்ஸ் பற்றிப் பேசும்போது ஐவியை மறந்துவிடக் கூடாது. 2022 டிராஃப்டில் ஐந்தாவதாக எடுக்கப்பட்டவர். டெட்ராய்ட் இவர் மீது மூன்று வருடம் செலவழித்திருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் காயம் ஆறித் திரும்பி வந்து, பெஞ்சில் இருந்து ஆடினார். அக்டோபருக்குள் ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கலாம், நீட்டிக்கவில்லை. அதனால் 2026 கோடையில் வேறு அணிகள் இவருக்கு விலை சொல்லலாம் என்ற நிலை இருந்தது. அந்த விலையைத் தானே கொடுத்து டெட்ராய்ட் வைத்துக்கொள்ளலாம், இல்லை விட்டுவிடலாம் என்பதுதான் அப்போதைய கணக்கு.

ஐவிக்கு அந்த சில மாதங்கள்தான் தேர்வாக இருந்தன. அவருக்கு நிமிடங்கள் தேவைப்பட்டன, எண்கள் தேவைப்பட்டன. பேக்கப் பாயின்ட் கார்டு இடத்தை அவருக்கே கொடுத்துவிடலாமே என்று கேட்கிறீர்களா? தோன்றக்கூடிய யோசனைதான். ஆனால் ஐவியின் ஆயுதம் வேகம். பந்தை வாங்கியதும் கூடையை நோக்கிச் சீறுவார். 2024-25-ல் அவர் மின்னியதே, கேட் பந்தை நடத்த, இவர் ஓரத்தில் நின்று வாய்ப்புக்குக் காத்திருந்து எறிந்தபோதுதான். அவரைக் கூப்பிட்டு எல்லோருக்கும் பந்தி விசாரி என்றால் இருக்கிற கூர்மையும் மழுங்கும். இரண்டு அறுவை சிகிச்சை முடிந்து தன் காலின் மீது நம்பிக்கையைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் புது வேலையையும் சேர்த்துச் சுமத்துவது நியாயமாகப் படவில்லை.

சாசர் தூரத்தில் இருந்து எறிவதில் கெட்டிக்காரர், எதிரணி கார்டை முழு மைதானமும் விடாமல் துரத்துவார். உயரம் குறைவு. கேட்டுடன் சேர்ந்து ஆட நல்ல ஜோடி, தனியாக ஓட்ட இன்னும் நேரம் வேண்டும்.

ஓக்லஹோமாவில் இதே படம் ஓடியது

ஒரு பழைய கதை இங்கே ரொம்பப் பொருந்தும். 2011. ஓக்லஹோமா சிட்டி தண்டர். கெவின் டூரன்ட்டுக்கு 22 வயது, ரசல் வெஸ்ட்புரூக்குக்கு 22, ஜேம்ஸ் ஹார்டனுக்கு 21. மேற்குப் பிரிவு இறுதியில் டல்லாஸுடன் இரண்டாவது ஆட்டம். கடைசிக் கால்பகுதியில் கோச் ஸ்காட் புரூக்ஸ் ஒரு முடிவு எடுத்தார். வெஸ்ட்புரூக்கை பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டு, பேக்கப் எரிக் மேனரைக் கடைசிவரை ஆடவிட்டார். தண்டர் 106-100 என்று ஜெயித்தது. மேனர் எடுத்தது 13 புள்ளி. பெரிய எண் இல்லை. ஆனால் பந்து சரியான கைகளுக்குப் போனது.

அந்த மேனரைத் தண்டர் எப்படிப் பிடித்தது தெரியுமா? யூட்டா அணி வரிச்சுமையைக் குறைக்கத் தவித்த நேரத்தில், வேண்டாத ஒரு ஒப்பந்தத்தைத் தண்டர் ஏற்றுக்கொண்டது. அதற்குக் கூலியாக வந்தவர்தான் மேனர். ஷ்ரூடர் கதையின் அண்ணன் மாதிரி இருக்கிறதல்லவா?

அதன்பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம். 2012 ஜனவரியில் மேனரின் முழங்கால் தசைநார் கிழிந்தது. புதுமுகம் ரெஜி ஜாக்சனை முயன்று பார்த்தார்கள், அப்போது சரிவரவில்லை. மார்ச்சில் 37 வயது டெரிக் ஃபிஷரைக் கூட்டி வந்தார்கள். இறுதிப்போட்டி வரை போனார்கள், மயாமியிடம் 4-1 என்று தோற்றார்கள். அடுத்த வருடம் வெஸ்ட்புரூக்கே காயமடைந்தபோது ஜாக்சன் முதல் வரிசைக்கு வந்தார், நன்றாக ஆடினார். ஆடியவருக்கு ஆசை வந்தது. நான் ஏன் இன்னொருவருக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும் என்று கேட்டார். 2015 பிப்ரவரியில் தண்டர் அவரை டிரேடு செய்தது. எந்த ஊருக்கு? டெட்ராய்ட்டுக்கு! அந்தக் கோடையில் பிஸ்டன்ஸ் அவருக்கு ஐந்து வருடத்துக்கு 8 கோடி டாலர் கொடுத்தது.

ஆக, நல்ல பேக்கப் கிடைத்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். நல்ல பேக்கப் ரொம்ப நாள் பேக்கப்பாக இருக்க மாட்டார். ஜென்கின்ஸ் விஷயத்தில் டெட்ராய்ட் அப்போதே இதை யோசிக்க வேண்டியிருந்தது. அப்போது மலிவாகக் கையெழுத்து வாங்க முடியும், பிளேஆஃபில் பெயர் வாங்கிவிட்டால் விலை வேறு.

சரி, டிரேடு செய்யலாமா?

'ஷ்ரூடர் மாதிரி ஒரு சீனியரைக் கொண்டு வாங்க' என்ற குரல் பிப்ரவரி நெருங்க நெருங்கக் கூடும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த 21-0 நினைவிருக்கிறதா? கத்திக்கொண்டிருக்கும் 20 ஆயிரம் பேருக்கு நடுவில் பந்தை நிதானமாகத் தட்டிக்கொண்டு வர வயதும் தழும்பும் வேண்டும். டெட்ராய்ட்டின் சொந்த வரலாறும் அதைத்தான் சொல்கிறது. 2004-ல் கோப்பையை வென்ற பிஸ்டன்ஸில் சான்சி பில்லப்ஸுக்குப் பின்னால் நின்றவர்கள் மைக் ஜேம்ஸ், லின்ட்சி ஹன்டர். இருவருமே அந்த பிப்ரவரியில்தான் அந்தப் பட்டியலுக்கு வந்தார்கள். ஜேம்ஸ் டிரேடில் வந்தார், ஹன்டர் அதே டிரேடில் வெளியே போய், விடுவிக்கப்பட்டு, திரும்பி வந்தார். எதிரணி கார்டுகளை மைதானம் முழுக்க விரட்டிக் கடித்ததால் இருவருக்கும் 'பிட் புல்' என்ற செல்லப்பெயரே இருந்தது.

ஆனால் விலை என்ன என்பதுதான் கேள்வி. 2024-25-ல் இருந்தது போல சம்பளத்தில் காலி இடம் 2025-26-ல் டெட்ராய்ட்டிடம் இல்லை. யாரையாவது வாங்க வேண்டுமென்றால் சம்பளத்துக்குச் சம்பளம் ஈடுகட்டி, கையில் இருக்கும் யாரையாவது கொடுக்க வேண்டும். 13 நிமிட ஆட்டக்காரருக்காக ஹாலண்டையோ எதிர்கால முதல் சுற்றுத் தேர்வையோ கொடுப்பது, கொசுவுக்குப் பயந்து வீட்டை விற்பது மாதிரி. அப்படி ஒரு பெரிய டிரேடு செய்வதாக இருந்தால் அது கேட்டின் பக்கத்தில் நின்று ஆடப்போகும் இரண்டாவது நட்சத்திரத்துக்காக இருக்க வேண்டும்.

என் கணிப்பைக் கேட்டால், ஜென்கின்ஸுக்கு வழக்கமான ஒப்பந்தத்தைக் கொடுத்துவிடுவதுதான் சரி. கடைசி நொடி 3 புள்ளிக்காகச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட எறிதல்கள் அடுத்த மாதம் வெளியே போகலாம். அவர் கேட் இல்லாதபோது பந்தை நடத்துகிறார், கேட் இருக்கும்போது பந்து இல்லாமலும் ஆடத் தெரிந்திருக்கிறார், தடுப்பாட்டத்தில் சோம்பல் இல்லை. இரண்டு வருடமாக கோச் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃபின் பயிற்சிக்கூடத்தில் இருந்தவர் என்பதால் டூரன் எந்த உயரத்தில் பந்தைக் கேட்பார் என்று புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பக்கத்தில் லெவர்ட் நின்றால், எதிரணி ஜென்கின்ஸை நெருக்கும்போது பந்தை வாங்கிக்கொள்ள இன்னொரு கை இருக்கும். ஐவியை அவருக்குப் பழக்கமான வேலையில், புள்ளி எடுப்பவராக விட்டுவிடலாம்.

இதில் ஆபத்தும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. அதுவரை பிளேஆஃபில் ஒரு நிமிடம்கூட ஆடாத ஒருவரை நம்பி மே மாதத்துக்குள் போக வேண்டியிருந்தது. ஏழு ஆட்டத் தொடரில் எதிரணிக் கோச்கள் பலவீனத்தைத் தேடிப் பிடித்து அதன் மேலேயே ஏறி உட்காருவார்கள். அப்போது பிக்கர்ஸ்டாஃப் கேட்டை 42, 43 நிமிடம் ஆட வைப்பார், பேக்கப்புக்கு மிஞ்சுவது ஐந்தாறு நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தில் 21-0 நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அந்த நாட்களில் கவனிக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் வெளியாகும் வீரர் பட்டியல். அதில் ஜென்கின்ஸ் பெயர் திடீரென்று காணாமல் போய், குரூஸ் அணியின் ஸ்கோரில் தென்பட்டால், நிர்வாகம் 50-ஐ மிச்சம் பிடிக்கிறது என்று அர்த்தம். 2026 பிப்ரவரி 5-ம் தேதி கெடு முடிந்தது அமெரிக்க கிழக்கு நேரப்படி பிற்பகல் 3 மணிக்கு. நமக்கு அது 6-ம் தேதி அதிகாலை 1.30.